அக்காவின் பீரோவில் என் சிகரெட்

டாக்டர் விடச் சொன்னது சிகரெட்டை மட்டும்தான். காபியை நானாகத்தான் விட்டேன், வேறு வழியில்லாமல். தொண்டையில் காபி இறங்கினால் போதும், கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். இரண்டையும் இத்தனை வருஷமாகச் சேர்த்தே வளர்த்துவிட்டேன். ஒன்றை மட்டும் வீட்டை விட்டு அனுப்ப முடியவில்லை.

எல்லாம் அக்காவுக்காக. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, டயாலிசிஸுக்காகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். சிறுநீர் அறவே நின்றுபோயிருந்ததால் தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, என்னுடைய சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று தெரிந்தது.

"கிட்னி நல்லா இருக்கு. நெஞ்சுதான் புகையடிச்ச சமையல்கட்டு மாதிரி இருக்கு. சிகரெட்ட முழுசா நிறுத்திட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷனுக்குத் தேதி," என்றார் டாக்டர்.

காபியை நிறுத்தியதும் தலைவலி வந்தது. புருவத்துக்கு மேல் குடிவந்து, காலி பண்ணவே மாட்டேன் என்றது. மனைவி காபி போடும் நேரத்தில் மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே பக்கத்து வீட்டு டிகாக்ஷன் வாசனை எனக்காகக் காத்திருந்தது. சிகரெட்டை நிறுத்தியதும் கோபம் வந்தது. இட்லி கல்லாக இருந்தால் சண்டை போடுவதில் நியாயம் உண்டு, இட்லி பூவாக இருந்ததற்கும் நான் சண்டை போட்டேன்.

"நீங்க ஊதிக்கிட்டிருந்தப்பவே தேவலாம் போல இருந்துது," என்று சொல்லிவிட்டு மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

என் பிழைப்பு புதுச்சேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில். கற்றுக்கொள்பவரைச் சாரம் பகுதியில் ஏற்றிக்கொண்டு காலாப்பட்டு வரை போய்த் திரும்புவோம். எங்கள் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்காக. அந்த நாட்களில் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. டீக்கடையைக் கண்டால் தானாக மிதித்தது.

"நான் என்னா சார் தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார், கற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர்.

"கண்ணாடியப் பாக்கலைங்க," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாவம், அதற்குப் பிறகு அவர் கண்ணாடியை மட்டுமே பார்த்து ஓட்ட ஆரம்பித்தார். அப்போது நிஜமாகவே பிரேக் தேவைப்பட்டது.

இந்த லட்சணத்தில் பிரான்சிலிருந்து அத்தை வந்து சேர்ந்தார். மாமா அங்கே ராணுவத்தில் இருந்தவர், பென்ஷனும் அங்கேதான். அத்தை வரும்போதெல்லாம் பெண்களுக்கு சென்ட், பிள்ளைகளுக்கு சாக்லேட், ஆம்பளைகளுக்கு ஆளுக்கொரு சிகரெட் பண்டல் வரும். எங்கள் ஊர் பிரான்சுக்கார வீடுகளில் அது ஒரு சம்பிரதாயம். வேண்டாம் என்று சொன்னால் உறவே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அன்று அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்து என் கையில் இரண்டு பண்டலைத் திணித்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணுதான். அக்காவுக்கு கிட்னி குடுக்கப் போற புள்ள, உனக்கு ரெண்டு," என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

"மெர்சி அத்தை," என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

அத்தை கிளம்பியதும் அக்கா கையை நீட்டினாள். "இப்படிக் குடுடா. என் பீரோல இருக்கட்டும்."

கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. தினமும் அவளைப் பார்க்கப் போனேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று வாய் அக்காவைக் கேட்கும், கண் பீரோவை விசாரிக்கும். தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

ஒரு சாயங்காலம் அவள் டயாலிசிஸ் முடிந்து வந்து, துவண்டு படுத்திருந்தாள். எனக்கோ அன்று காலையிலிருந்தே கை நடுக்கம், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. டாக்டருக்கு என்னா தெரியவா போவுது?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். அவள் மெல்ல எழுந்து, பீரோவைத் திறந்து, இரண்டு பண்டலையும் என் மடியில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிடுடா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நெஞ்சு சரியில்ல, டாக்டரே வேணாம்னுட்டாருன்னு எல்லாருகிட்டயும் சொல்லிக்கலாம். நான் இப்படியே ஓட்டிக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு காரணத்தை அவளே யோசித்துத் தயாராக வைத்திருந்தாள். பயம் எனக்கு இருக்கத்தான் செய்தது. ஊசி போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான். தலைவலி, கைநடுக்கம், காபி, சிகரெட் என்று அதற்கு நான் வேறு வேறு பெயர் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"பயமாத்தான்க்கா இருக்கு," என்றேன். "ஆனா குடுப்பேன்."

அவள் என் தலையில் கை வைத்தாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு நான் பின்கட்டுக்குப் போய், இரண்டு பண்டலையும் பிரித்து வாளித் தண்ணீரில் முக்கினேன். பிரான்சு சரக்கு, மனசு கேட்கவில்லை. அத்தைக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது.

அதற்கப்புறமும் தலை வலித்தது, டீக்கடையைக் கண்டால் கால் பிரேக்கை மிதித்தது. ஆனால் எது வலி, எது பயம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. ஒருவழியாக டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். தேதி கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்தபோது மனைவி குனிந்து நின்றாள். எனக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்காவுக்கு யூரின் வந்துடுச்சுங்க," என்றாள். "தையல் போடறதுக்குள்ளயே வந்துடுச்சாம்."

சிரிக்கப் பார்த்தேன், விலா வலித்தது. அழுதால் வலிக்கவில்லை, அதனால் அழுதேன். ஒரு மனுஷி சிறுநீர் கழித்தாள் என்பதற்காக இன்னொரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.