கையை விடாத ஆறு நொடி

தரை துடைத்த பினாயில் வாசனை அடங்குமுன், டிவியில் அக்காவின் பேத்தி பனித்தரை நடனப் போட்டிக்கு இறங்கினாள். சென்ற போட்டியில் ஜோடிப் பையன் அவளைத் தூக்கும்போது பிடி நழுவி, அவள் விழுந்திருந்தாள்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த டாக்குரியா வீட்டில் அம்மா தினம் இரண்டு முறை பினாயில் போட்டுத் துடைப்பாள். அந்த ஈரச் சிவப்புத் தரையின் பதினான்கு அடி நீளத்துக்கும் நானும் அக்காவும் கைகோத்துச் சறுக்குவோம். ஒருநாள் பயத்தில் நான் கையை விட்டேன். அக்காவுக்கு முன்பற்கள் இரண்டு போயின.

பையன் பேத்தியைத் தூக்கினான். ஏழு நொடி தாண்டினால் மதிப்பெண் குறையும். எண்ணினேன். ஆறாவது நொடியில் பத்திரமாக இறக்கினான். எனக்கு உயிர் வந்தது.

"அதான் இறக்கிட்டானேடா," என்றாள் பக்கத்திலிருந்த அக்கா. "இப்பவாவது என் கையை விடு. வலிக்கறது."