ஜெபராணி மூடிய கதவு

இரும்பு பிரஷ் பலகையின் மேல் போய் வந்தது. மரத்தின் மெத்தென்ற பாகம் தூளாக உதிர, கெட்டியான நரம்புகள் மட்டும் மேலெழுந்து நின்றன. வலது கை தேய்க்க, இடது கை பின்னாலேயே வந்து தடவிப் பார்த்தது. போதாத இடத்தில் மறுபடியும் பிரஷ். பிறகு பழைய துணியில் எண்ணெய் தொட்டு, நரம்பின் போக்கிலேயே பூசியது. இந்தப் பலகைகளை நிறுத்தி நடுவில் கான்கிரீட் கொட்டினால் மரத்தின் நரம்பு அப்படியே சிமெண்டில் பதியும். இருபுறமும் நின்ற பழைய மதிலில் அப்படித்தான் பதிந்திருந்தது. எது பழசு, எது புதுசு என்று தெரியக்கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு.

"நல்லா தேய்டி. எங்க வாயில போடற மண்ணு, வழவழன்னு இருக்கட்டும்."

வஜீதாவின் குரல். மதிலில் கதவைக் கழற்றிவிட்டிருந்த இடைவெளிக்கு வெளியே, காலிக் குடத்தோடு தெருவில் நின்றிருந்தாள்.

கை நிற்கவில்லை.

"காது கேக்கல பாரு. கான்கிரீட் போய் அடைச்சுகிச்சு," என்றாள் பக்கத்தில் நின்ற மெர்சி. மெர்சி, வேலை செய்துகொண்டிருந்த ஜெபராணிக்கு ஓரகத்தி. "யக்கா, நீயும் நாளைக்கு இதே தெருவுலதான் குடம் தூக்கணும். ஞாபகம் வெச்சுக்க."

"நான் இல்லன்னா மெட்ராஸ்லேந்து ஆள் வரும்," என்றாள் ஜெபராணி நிமிராமல். "அவன் மூடினா மட்டும் இனிக்குமா?"

"அவன் மூடினா அவனத் திட்டுவோம். நீ மூடினா இன்னான்னு சொல்றது?"

ஆம்பூருக்கு வெளியே, வாணியம்பாடி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த வீடு. பெட்டி மேல் பெட்டி வைத்தாற்போலக் கட்டியது. பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதற்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் மதில் சூழ்ந்த தோட்டம். புல்தரை, மூங்கில், மூலையில் ஒரு கிணறு. சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். தோல் பதனிடப் போட்ட உப்பெல்லாம் தலைமுறை தலைமுறையாக மண்ணில் இறங்கிக் கிடக்கிறது. மேட்டில் இருந்ததால் அந்த ஒரு கிணறு தப்பித்தது.

ஷூ கம்பெனி நடத்தும் அன்பரசன் அந்த நிலத்தை வாங்கியபோது, கிணற்றுக்குத் தெரு ஜனம் போகும் பாதை அதன் குறுக்கே போனது. மதிலில் கதவு வைக்கிறேன், மோட்டாரும் வைக்கிறேன், எப்போதும் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று தெருவைக் கூட்டி வைத்துச் சொன்னார். யாரும் எழுதி வாங்கவில்லை. இப்போது வீட்டை விற்கிறார். வெளியாள் கண்படாத தோட்டம் என்று விளம்பரம் கொடுத்திருந்தார்.

அந்த மதில் எழுந்தபோது ஜெபராணி அங்கே சித்தாள். தலையில் கலவை சுமந்தாள். மேஸ்திரிகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் அவர்கள் கரணையை எடுத்து மூலைகளைச் சரி செய்து பழகினாள். "பொம்பள கரணை புடிச்சா கட்டடம் நிக்குமா?" என்று ஒருவன் அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறான். சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டாள். ஆணுக்குக் கொடுப்பதைவிடக் கம்மியாகக் கூலி கொடுத்து, கான்கிரீட் முகம் சுத்தமாக வரவேண்டிய வேலைக்கெல்லாம் அவளையே கூப்பிட்டார்கள். இந்த மதிலை வேறு ஒருவன் கை வைத்துக் கெடுப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. வேலைக்கு ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். தெருவில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

கான்கிரீட் போடும் அன்று காலை மோட்டார் அறைக்குப் பூட்டு தொங்கியது. இன்னும் மூடாத வழியாகக் குடத்தோடு நுழைந்த பெண்களை வாட்ச்மேன் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினான். வஜீதாவின் குடம் கையிலிருந்து நழுவி ரோட்டில் உருண்டது. அன்பரசன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஜெபராணி போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"சார், கலவைக்குத் தண்ணி வேணும். மோட்டார் போடச் சொல்லுங்க."

"ரோட்டோரத்து போர்ல எடுத்துக்க."

"அது உப்பு சார். கலவைக்குக் கெணத்துத் தண்ணிதான்..."

"தெரியும்மா உங்க கத. கலவைக்குன்னு மோட்டார் போடுவேன், தெருவே வந்து நிக்கும். இவங்க சொல்லி அனுப்பினாங்களா?"

"யாரும் சொல்லல. அந்தத் தண்ணில போட்டா..."

"சிமெண்டுக்கு இன்னா, பன்னீரா வேணும்? போம்மா. பேஜார் பண்ணாத."

ஜெபராணி அங்கேயே கொஞ்சம் நின்றாள். சொல்ல வந்தது வாயில் இருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனார். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை.

வேறு வீடாக இருந்தால் டேங்கர் வண்டிக்குப் போன் செய்திருப்பாள். உப்புத் தண்ணீரில் அவள் ஒரு பாண்டுச் சட்டி கலவைகூடக் குழைத்ததில்லை. அன்று குழைத்தாள். போர் தண்ணீரைப் பிடித்து வந்து, ஜல்லியையும் மணலையும் சிமெண்டையும் சரியான கணக்கில் கலந்து, பலகைக்குள் கொட்டி, காற்றுக் குமிழ் தங்காமல் குத்திக் குத்தி இறக்கினாள். மற்ற எதிலும் குறை வைக்கவில்லை. பலகை பிரித்தபோது ஒட்டு எங்கே என்று அவளுக்கே விரலால் தேட வேண்டியிருந்தது. கோணிச் சாக்கு கட்டி, காலையும் மாலையும் அதே போர் தண்ணீரை ஊற்றி நனைத்தாள்.

தெருவில் அவளோடு யாரும் பேசவில்லை. ஊற்றிக்கொண்டிருந்தபோது மெர்சி காறித் துப்பிவிட்டுப் போனாள். வீட்டில் தேவசகாயம், கட்டிய புருஷன், விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரை அவள் முன்னால் டொப்பென்று வைத்தான்.

"குடி. உன் மதில் குடுத்த தண்ணி."

சாக்கை அவிழ்த்ததும் வெயிலும் காற்றும் சுவரைப் பிடித்தன. முதலில் ஓரங்களில் மங்கலாக, பிறகு நடுவிலும் வெள்ளை ஏறியது. புதிய கான்கிரீட் மட்டும் வெளுத்தது. உள்ளே தோட்டத்துப் பக்கமும், வெளியே தெருப் பக்கமும், சாம்பல் நிற மதிலில் அந்த வெள்ளை கதவின் அளவுக்குக் கதவாகவே நின்றது.

வஜீதா கிட்டே வந்து நகத்தால் சுரண்டினாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புடி!" என்றாள். ஜெபராணியின் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி."

ஜெபராணி பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதுவரை வெளியூரில் இருந்த அன்பரசன், வீட்டை வாங்கப் பார்க்க வந்த பிரிசில்லாவோடுதான் திரும்பினார். பிரிசில்லா வேலூரில் பல் டாக்டர். கண்ணாடிக் கதவைத் தள்ளித் தோட்டத்துக்குள் இறங்கியவர் புல்லையும் பார்க்கவில்லை, மூங்கிலையும் பார்க்கவில்லை.

அன்பரசன் முந்திக்கொண்டார். "சும்மா தூசு மேடம். ஏய், இத இன்னும் தொடைக்கலயா?"

"தொடைச்சா போவும் சார்," என்றாள் மதிலோரம் நின்ற ஜெபராணி. "காஞ்சா திரும்ப வரும்."

அவர் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "வேணும்னே செஞ்சியா? இனிமே ஆம்பூர்ல ஒருத்தன் உன்னக் கூப்பிடமாட்டான், பாத்துக்க."

"போர் தண்ணி எடுக்கச் சொன்னது நீங்க."

பிரிசில்லா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க கதவு இருந்துதா?"

"இல்ல மேடம், டிசைன்ல ஒரு..."

"நான் அவங்களக் கேட்டேன்."

மதிலுக்கு அப்பால் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. தெரு முழுக்க அங்கே காத்திருந்தது. ஜெபராணி கையிலிருந்த சிமெண்டைப் புடவையில் துடைத்தாள்.

"இருந்துச்சு மேடம். கெணத்துக்குப் போற வழி. சார் குடுத்தது, தெருவுக்கு. விக்கறதுக்காக மூடச் சொன்னாரு, மூடிட்டேன்." சுவரின் முன்னாலிருந்து அவள் விலகி நின்றாள். "வேல முடிஞ்சிது. பாத்துக்குங்க."