ஓரத்துப் புள்ளி

மனச்சோர்வு மாத்திரை ஒவ்வொருவர் உடம்பிலும் என்ன செய்கிறது என்று பினாங்கு மருத்துவமனை ஒன்றில் ஆராய்ந்துகொண்டிருந்தார் அந்த டாக்டரம்மா. ஒல்லியான உருவம்; மூக்குக்கண்ணாடி எப்போதும் தலைமேல்தான். ஆய்வுக்காக என்னிடம் இரத்தம் எடுத்ததும் மைலோ கலக்கித் தருவார். நான் குடித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார்.

எல்லாரும் சாப்பிட்ட அதே மாத்திரை என்னை மட்டும் எழுந்திருக்க முடியாமல் படுக்கவைத்தது. நான் நடிப்பதாகச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

டாக்டரம்மா பெயரில் எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றனவாம். அவற்றில் ஒன்றை, அச்சானதும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

“என் பேரு எங்க டாக்டர்?”

“பேரு போட மாட்டோம்லா, அக்கா. இந்தப் புள்ளிதான் நீங்க.”

கட்டுரையில் இருந்த படத்தில் மற்ற புள்ளிகள் எல்லாம் ஒரே கூட்டமாக இருந்தன. என்னுடையது ஓரத்தில் தனியாக நின்றது.

“ஏன் இவ்ளோ தள்ளி இருக்கு?”

“உங்க ஈரல் இந்த மருந்த ரொம்ப மெதுவாத்தான் கரைக்குது. பொறவிலேயே அப்படி. அதான் கொஞ்சம் சாப்பிட்டாலே ஒடம்புல நெறைய தங்கிடுது. நடிப்பு இல்ல.”

கடைசி இரண்டு வார்த்தைகளை என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் நான் கேட்ட ‘நடிப்பு’ என்ற அந்தச் சொல்லை டாக்டரம்மாவிடம் நான் சொன்னதே இல்லை.