கொடுக்கில்லாத குளவி

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே உள்ள எடைமேடையில் சீட்டு எழுதுபவர் அந்த அம்மா. தடித்த கண்ணாடி, கழுத்தில் ஜெபமாலை. லாரி வராத நேரமெல்லாம் அவர் கண் ஜன்னலிலேயே இருக்கும்.

ஒருநாள் உப்பு லாரியோடு போய் அவரெதிரே உட்கார்ந்திருந்தேன். கருநீலக் குளவி ஒன்று தன்னைவிடப் பெரிய சிலந்தியை மேசைமேல் இழுத்துக்கொண்டு போனது. அடிக்கக் கையை ஓங்கினேன்.

"அடிக்காதிய அண்ணாச்சி! பிள்ளைக்குத் தீனி கொண்டு போறா."

"பொம்பளைன்னு எப்படித் தெரியும்?"

"சிலந்தி பிடிக்கது பொம்பளை மட்டுந்தான். மீசை சுருண்டிருக்கு பாருங்க. அங்கன ஜன்னல்ல ஒருத்தன் இருக்கான்லா, அவனுக்கு நேரா இருக்கும். ஆம்பளைக்குக் கொடுக்கு கெடையாது."

சொன்னவர், ஜன்னலில் இருந்ததை வெறும் விரலால் பிடித்துவிட்டார். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அது வயிற்றை வளைத்து வளைத்து அவரைக் குத்தப் பார்த்தது.

"சும்மா நடிக்கான்," என்று சிரித்தார். "கையை நீட்டுங்க."

பயந்துகொண்டேதான் நீட்டினேன். உள்ளங்கையில் குறுகுறுவென்று நடந்துவிட்டு அது பறந்துபோனது. நானும் சிரித்துவிட்டேன்.

அதற்குள் அடுத்த லாரி வர, அவர் சீட்டு எழுதத் திரும்பிவிட்டார். எத்தனை கொட்டு வாங்கி இந்த வித்தியாசத்தைப் படித்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.