பூட்டிய வீடுகளின் பட்டியல்

முப்பத்தேழு பூட்டுகள். எழுபதுகளில், தில்லியில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு குடிசைப் பகுதியில் ஒரே நாளில் எண்ணியவை. சாலையை அகலப்படுத்துவதற்காக அந்தக் குடிசைகளை எடுக்கவிருந்தார்கள். பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்கு யமுனைக்கு அப்பால் ஒரு சிறு மனை, ஏறாதவர்களுக்குத் தெருதான். பதினோரு மணிக்குப் போய், பூட்டியிருந்த வீடுகளுக்கு நேரே எல்லாம் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிட்டேன். வேலையைச் சட்டென்று முடித்த பெருமை வேறு.

அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் பிரிவின் மேடம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து டிபன் டப்பாவோடு பஸ்ஸில் வருவார். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. என் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "ஆளில்லாத வீட்டை யாருங்க பூட்டுவாங்க?" என்று கேட்டார். அங்கே பாதிப் பேர் விழுப்புரம் பக்கத்துத் தமிழர்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியும்போதே கிளம்பிவிடுகிறவர்கள். பதினோரு மணிக்கு எப்படி இருப்பார்கள்? பட்டியல் இன்றே வேண்டும் என்று மேலதிகாரி இந்தியில் கத்தினார். நாளை மாலை தருகிறேன் என்றார் மேடம், அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கே அங்கே நின்றோம். முப்பத்தாறு கதவுகள் திறந்திருந்தன. முப்பத்தாறு பெயர்கள் ஏறின. ஒரு கதவு மட்டும் அப்போதும் பூட்டியிருந்தது. புருஷனை இழந்த பெண், கைக்குழந்தையோடு நாலரைக்கே போய்விடுவாள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். அவர்கள் சொன்ன பெயரையே எழுதிக்கொள்ளலாமே என்றேன். நேரில் பார்க்காத பெயரை மேலதிகாரிகள் அடித்துவிடுவார்கள் என்று சொல்லி, மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பகல் இரண்டு மணிவரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான்தான் பசியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் குழந்தையோடு வந்த பெண் எங்களைப் பார்த்துப் பயந்துபோனார். விஷயம் தெரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்காவா இம்மாம் நேரம் குந்திக்கினு இருந்தீங்க?"

"ஆமா. பேரைச் சொல்லுங்க" என்றார் மேடம்.

அப்படி ஒருவரை அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் நான் பார்க்கவில்லை. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சென்ற மாதம் தில்லியின் துவாரகா பகுதியிலிருந்து மெட்ரோ ஏறி யமுனையைத் தாண்டிப் போனேன். அன்று வெறும் பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்று மூன்று மாடி வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி விசாரித்தபோது, செல்போன் கடை வைத்திருக்கும் அவர் மகனைக் காட்டினார்கள். அம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி, உட்காரவைத்து டீ வரவழைத்தார். அன்று பட்டியல் எடுக்க வந்த மேடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த மேடம் அம்மாவுக்காகப் பூரா தின், நாள் முழுக்க, உக்காந்திருந்தாங்களாம், அங்கிள். அவங்க இல்லேன்னா இந்த வீடே இல்ல. முதல்ல வந்த ஆபீஸ் பாபு, யாரோ ஒரு கிளார்க்கு, ஆளே இல்லேன்னு எழுதிட்டுப் போயிட்டானாம்" என்றார். பிறகு, "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

அவரோடு வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன்.