அம்பருக்குள் தொலைந்த வால்

எங்கள் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் கல்லான பூச்சிகள் என்றால் உயிர். மரப்பிசின் இறுகிக் கல்லான ஓர் அம்பர்த் துண்டை ஒருமுறை என்னிடம் கொடுத்தார். உள்ளே, சிறகு முளைத்தால் ஒரே நாளில் செத்துப்போகுமே, அந்த 'ஒருநாள் பூச்சி' ஒன்று சிறகை நிமிர்த்தியபடி நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் என்னிடம் நல்ல பூதக்கண்ணாடி இருந்ததால், அது என்ன வகை என்று பார்த்து வரைந்து கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

சிறகு நரம்புகளை ஒழுங்காகத்தான் வரைந்தேன். வாலுக்கு வந்ததும் எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஓடையில் பறக்கும் ஒருநாள் பூச்சிக்கு வால் மூன்று, இதற்கோ இரண்டுதான். துடைக்கும்போது ஒன்றை முறித்துவிட்டேன், வேலை போயிற்று என்று மேசைக்கடியில் தவழ்ந்து தேடினேன்.

சோறு கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"வாலு, புள்ள. பூச்சி வாலு ஒடைஞ்சு விழுந்துருச்சு."

அவள் கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "கல்லுக்குள்ள இருக்கிற பூச்சியோட வாலு எப்படிங்க தரையில விழும்? மருந்தக் குடிச்சுப் பார்த்தீங்களா?"

சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாதே என்று, புத்தி வந்த பிறகும் அலமாரிக்கடியில் கொஞ்ச நேரம் தேடினேன்.

இரட்டை வால் வேறொரு வகைக்கு அடையாளம் என்று துரை பிற்பாடு சொன்னார். நான் தலையாட்டினேன். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்கலாம் என்றால், மலை தாண்டி நானுஓயா ஸ்டேஷன் வரைக்கும்கூடத் தவழ்ந்தே போவேன்.