மகன் வீட்டுக் கோலா

ஞாயிறு காலையில் மகன் வீடியோ அழைப்பு எடுப்பான். அவன் முகம் கொஞ்ச நேரம்தான். பிறகு கைபேசியைத் திருப்பி, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூக்கலிப்டஸ் மரத்தைக் காட்டுவான். பிரிஸ்பேனில் அப்போது பொழுது சாயும் நேரம். மரக்கவட்டில் ஒரு சாம்பல் மூட்டை குந்தியிருக்கும்.

"அம்மா, கோலா. இப்பதான் எழும்புது," என்பான்.

எனக்கு அந்தப் பிராணியின் மேல் எரிச்சல். பகல் முழுக்கத் தூக்கம். விழித்தால் தீனி, அதுவும் வெறும் இலை. அந்த இலையில் சத்துக் குறைவாம், செரிக்கவும் நாளாகுமாம், அதனால்தான் அசையாமல் கிடக்கிறதாம். மகன் அதற்காக வக்காலத்து வாங்குவான். கண்ட இலையையும் தின்னாது, முகர்ந்து பார்த்துத்தான் கிள்ளும். தண்ணீரும் பெரும்பாலும் இலையிலிருந்தே கிடைத்துவிடும் என்பான். நானும்தான் இங்கே இத்தாலியில், பலெர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையில் கீரையை முகர்ந்து பார்த்து வாங்குகிறேன். என்னை யாரும் படம் பிடிப்பதில்லை.

நகர ஓரத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போகும் வழியிலும் இந்த யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. மரம் மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதில் குடியிருக்கும் சீவன் வரவில்லை. பஸ்ஸில் போகும்போது அண்ணாந்து பார்ப்பேன், மனம் வெறுமையாகிவிடும்.

கணவர் இறந்தபின் வீட்டில் நான் மட்டும்தான். வியா மக்வேதாத் தெருப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிய அம்மா, அவர் வீட்டில் துப்புரவு வேலை. முதல் நாள் அவர் சாப்பிடக் கூப்பிட்டார். நம் வழக்கப்படி வேண்டாம் என்றேன். இன்னொருமுறை கேட்பார் என்று நின்றேன். அவர் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அன்று பட்டினி. அடுத்த நாளிலிருந்து முதல் கேள்விக்கே "ஸீ", ஆம், என்று தலையாட்டப் பழகினேன்.

மகன் நம் பிள்ளை, அவனிடம் அப்படி உடனே தலையாட்டத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். போன வருடம் அவன், "அம்மா, இஞ்சை வந்து எங்களோடை இருக்கிறீங்களோ?" என்று கேட்டான். நெஞ்சு துள்ளியது. வாயோ, "உங்களுக்கேன் கரைச்சல், பாப்பம்," என்றது. அவன் பலெர்மோப் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்ந்தவன். சரி என்று விட்டுவிட்டான். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் முறை கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கோலாவைக் காட்டினான்.

போன ஞாயிறு அது கத்தியது. பழுதான மோட்டார் சைக்கிளைக் கிளப்புவது போன்ற சத்தம். அந்தச் சின்ன உடம்பிலிருந்தா என்று திகைத்துப் போனேன்.

"ஆண் கோலா அம்மா. தனியத்தான் இருக்கும். ஆனா சோடி சேருற காலத்திலை இப்பிடிக் கத்தி, தான் இருக்கிற இடத்தைக் காட்டும்."

அதுகூட வாய்விட்டுக் கூப்பிடுகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "தம்பி, நான் அங்கை வந்து இருக்கட்டோ?"

அவன் கைபேசியைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

"நீங்கள் வரமாட்டீங்கள் எண்டுதானே அம்மா நினைச்சம். வாற மாதம் மாமி வாறா. அந்த அறையை அவவுக்கு ஒதுக்கிப்போட்டம்."

மாமி என்றது அவனுடைய மனைவியின் தாயை. அவசரமாக அவனே தொடர்ந்தான்: "எண்டாலும் வாங்கோவன். சமாளிப்பம்."

"வேண்டாமப்பு, பேந்து பாப்பம்," என்று என் வாய் தானாகச் சொன்னது. சொல்லிவிட்டு, திரையை முகத்தருகே கொண்டுபோய், அவன் இன்னும் ஒருமுறை கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

"சரி அம்மா," என்று அவன் கைபேசியை மரத்தின் பக்கம் திருப்பினான்.